பூனைக்கு வைத்த பிட்டு

வியாழன்

கோண்டாவில் சித்தி: நேற்றுப் பின்னேரம் தொடக்கம் அம்மம்மா ஒன்றும் வாயில் வைக்கவில்லை. தேத்தண்ணியில் நஞ்சாம். பிட்டையும் முதலில் பூனைக்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டா. அலுமாரித் திறப்பு சேலைத் தலைப்பில் முடிந்திருக்கு.

ஸ்காபரோ மாமா: எனக்கும் கோல் எடுத்தவ. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் பார்க்கிறார்களாம். வயது போனால் இப்படித்தான்.

பெரியம்மா: செய்வினை போல் கிடக்கு. நாளைக்கு வெள்ளி, ஒரு நூல் கட்டுவோமா?

வாணி: கட்டுங்கோ பெரியம்மா. ஆனால் அதற்கு முதல் இரத்தமும் சலமும் சோதிப்போம். போன ஞாயிறு சீட்டுக்காசைச் சதம் பிசகாமல் எண்ணித் தந்த ஆள். மறதி வருத்தம் மெல்ல மெல்லத்தான் வரும். இரண்டு நாளில் வந்து, காலையில் தெளிந்து, பின்னேரம் கூடினால் அது டெலிரியம். மூளை குழம்பும், காரணம் உடம்பில் வேறெங்கோ இருக்கும். சலத்தில் கிருமி, நியூமோனியா, சீனி இறங்குவது, ஏன், மலச்சிக்கல் கூட.

ஸ்காபரோ மாமா: அப்ப விசர் இல்லையா?

வாணி: 78 வயதில் ஸ்கிசோஃப்ரினியா புதிதாகத் தொடங்குவது அரிது மாமா. அது பெரும்பாலும் இளவயதில் வருவது. சித்தி, புதுக் குளிசை ஏதும்?

கோண்டாவில் சித்தி: பிரஷருக்கு ஒன்று கூட்டி இரண்டு கிழமை. சலம் கூடப் போகும் என்றார்கள். நித்திரைக்கு என்று தானே பிரிட்டனும் போடுகிறா.

ஸ்காபரோ மாமா: பிரிட்டனா?

வாணி: நாடில்லை மாமா, தடிமன் குளிசை 😄 வயதானவர்களைக் குழப்புவதில் அது பொல்லாதது. பிரஷர் குளிசை இரத்தத்தில் இருக்கிற சோடியத்தை, அதுதான் உப்பை, இறக்கியிருக்கலாம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, குளிசைப் பெட்டியையும் எடுங்கோ. இரவில் மயங்கினால், வலிப்பு வந்தால் அம்புலன்சுக்கு, 1990க்கு, அடியுங்கோ. நஞ்சில்லை என்று வாதாட வேண்டாம், நீங்கள் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொடுங்கோ. காது மெஷினையும் போட்டு விடுங்கோ. காது கேளாத ஆளுக்கு, மற்றவர்கள் கதைப்பதெல்லாம் தன்னைப் பற்றித்தான்.

வெள்ளி

கோண்டாவில் சித்தி: சோடியம் 119. 135க்கு மேல் இருக்க வேண்டுமாம். வார்ட்டில் விட்டாச்சு, இரண்டு குளிசையும் நிறுத்தியாச்சு. உப்புக் கரைத்துக் கொடுக்கவா என்று கேட்டேன், டொக்டர் முறைத்தார்.

வாணி: முறைக்கத்தான் வேண்டும் 😂 சோடியம் கெதியாக ஏறினால் மூளைத்தண்டு பழுதாகும். கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

செவ்வாய்

கோண்டாவில் சித்தி: 131. பிட்டும் சம்பலும் கேட்டுச் சாப்பிட்டா. நஞ்சுக் கதையே நினைவில்லை.

பெரியம்மா: நூல் வேலை செய்திருக்கு.

வாணி: சரி பெரியம்மா 🙏

கோண்டாவில் சித்தி: அலுமாரித் திறப்பை எங்கே வைத்தவ என்பதும் நினைவில்லை. கட்டிலுக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறேன்.