ஸ்மியர் ரிப்போர்ட்ல 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி'ன்னு வந்தா உடனே மறுபடி எடுக்கணுமா?

காசிமேட்டுக்காரி:
அண்ணிக்கு 44 வயசு. தண்டையார்பேட்டைல ஒரு லேப்ல பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ல செல்லைச் சுரண்டி எடுத்துப் பார்க்கற கேன்சர் டெஸ்ட்) எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி ஃபார் எவால்யுவேஷன், அப்ஸ்க்யூர்டு பை பிளட்'னு போட்டிருக்கு, அவ்ளோதான். கேன்சர் இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கிடையாது. கேட்டா, "அடுத்த வாரமே வாங்க, திரும்ப எடுத்துடலாம்"ங்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா ரிப்போர்ட்ல 'ஆஸ்கஸ்'னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா? எப்ப எடுக்கணும்?

ஸ்லைடு_பெஞ்ச்:
ரெண்டும் வேற வேறங்க. அண்ணி ரிப்போர்ட் குறை சொல்றது ஸ்லைடை, செல்லை இல்ல. ரத்தம் மூடிட்டதால படிக்க முடியலைன்னு அர்த்தம். ஆஸ்கஸ்ல செல் நல்லாவே தெரியுது. அது லேசா மாறியிருக்கு, ஆனா வெறும் புண்ணால மாறுச்சா, கர்ப்பப்பை வாய் கேன்சரைக் கொண்டு வர்ற எச்.பி.வி. கிருமியால மாறுச்சான்னு பிரிச்சுச் சொல்ல முடியல.

கண்ணாடில தேய்ச்சு எடுக்கற முறைல சுமார் 8,000 முதல் 12,000 செதிள் செல்லாவது தெளிவாத் தெரியணும். டப்பால திரவத்துல போட்டு அனுப்பற எல்.பி.சி. முறைன்னா 5,000 போதும். செல்லுல 75%க்கு மேல ரத்தமோ சீழோ மூடியிருந்தா படிக்க முடியாதுன்னு எழுதிடுவாங்க. இன்னொண்ணு: அந்தக் கலங்கல்லயும் சந்தேகமான செல் ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி'ன்னு போடக் கூடாது, அதைத்தான் எழுதணும். அதுக்காக இதை நார்மல்னு எடுத்துக்காதீங்க. இன்னும் யாரும் பார்க்கலைன்னுதான் அர்த்தம்.

ரத்தம் இல்லாமலே கெட்டுப்போற ஸ்லைடும் நிறைய வரும். தேய்ச்ச கையோட 95% எத்தில் ஆல்கஹால்ல முக்கணும். மேல ஃபேன் சுத்தற ரூம்ல, ஸ்லைடைக் கையில வச்சுக்கிட்டே பேர் என்ன, வயசு என்னன்னு கேட்டுட்டு நின்னா அதுக்குள்ள காய்ஞ்சுடும். காய்ஞ்ச செல் உப்பி, உள்ள இருக்கற நியூக்ளியஸ் வெளுத்துப் பெரிசாத் தெரியும். பேரை முன்னாடியே எழுதி வச்சுடணும், அதுவும் பென்சில்ல. பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சுடும்.

ஓபி_நர்ஸ்:
அடுத்த வாரம் வேணாம்மா. சுரண்டின இடத்துல மேல் தோல் திரும்ப வளரணும். அதுக்குள்ள எடுத்தா செல் குறைவா வரும், இருக்கற மாற்றமும் தப்பிப் போகலாம். 2 மாசத்துலேர்ந்து 4 மாசத்துக்குள்ள எடுங்க. அதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க.

முதல்ல அண்ணிகிட்ட ஒண்ணு கேளுங்க: அன்னைக்கு பீரியட்ஸ் சுத்தமா நின்னிருந்துச்சா? தீட்டு ஆரம்பிச்ச நாளை 1ன்னு வச்சு, 10லேர்ந்து 20ஆம் நாளுக்குள்ள போறது நல்லது. முந்தின 48 மணி நேரம் உறவு, உள்ள வைக்கற மாத்திரை, க்ரீம், உள்ள தண்ணி விட்டுக் கழுவறது எதுவும் கூடாது. நாத்தமோட வெள்ளைப்படுதல் இருந்தா அதுக்கு மருந்து முடிச்சுட்டு வாங்க. மாதவிடாய் நின்னவங்களுக்கு அந்த இடம் வறண்டு செல்லே வராது. டாக்டர் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போடச் சொல்லி அப்புறம் எடுப்பாங்க.

எடுக்கறவங்க கையும் முக்கியம். ஸ்பேட்டுலாவை (தட்டையான சுரண்டற குச்சி) முதல்ல ஒரு முழு சுத்து, வாய்க்குள்ள விடற பிரஷ் அப்புறம். பிரஷை முதல்ல விட்டா ரத்தம் கசிஞ்சு எல்லாத்தையும் மூடிடும். பிரஷை கால் சுத்து, மிஞ்சினா அரை சுத்து சுத்தினாப் போதும்.

ஆனா உறவுக்கு அப்புறம் ரத்தம், ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவுல ரத்தம், நின்னவங்களுக்குத் திரும்ப ரத்தம்னா இந்த 2 மாசக் கணக்கே கிடையாது. உடனே மகளிர் ஓ.பி.க்குப் போய் நேரா பரிசோதனை பண்ணிக்கணும்.

காசிமேட்டுக்காரி:
கேட்டேன். பீரியட்ஸ் அஞ்சாம் நாள் போயிருக்காங்க, லேசாப் பட்டுக்கிட்டுதான் இருந்துச்சாம். வேற எப்பவும் ரத்தம் இல்லையாம். ரெண்டாவது தடவையும் இப்படியே வந்தா?

கால்போ_ரூம்:
தொடர்ந்து ரெண்டு தடவை படிக்க முடியலைன்னா மூணாவது ஸ்மியருக்கு அலையாதீங்க, கால்போஸ்கோபிக்கு எழுதுவாங்க. கர்ப்பப்பை வாயை லென்ஸ் வச்சுப் பெரிசாக்கிப் பார்க்கறதுதான். 3லேர்ந்து 5% அசிட்டிக் ஆசிட் தடவினா மாறின இடம் வெள்ளையாத் தெரியும், தேவைப்பட்டா அங்கேர்ந்து துளி சதை எடுப்பாங்க.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எச்.பி.வி. டெஸ்ட் கேளுங்க. நெகட்டிவ்னா அடுத்தது 3 வருஷம் கழிச்சு. பாசிட்டிவ்னா, அதுலயும் 16, 18 வகைன்னா, கால்போஸ்கோபி. அந்த டெஸ்ட்ல 'இன்வேலிட்'னு வந்தா நெகட்டிவ்னு நினைச்சுடாதீங்க. சாம்பிள்ல மனுஷ செல் இருக்கான்னு மெஷின் தனியா ஒரு ஜீனைத் தேடும். அது கிடைக்கலைன்னா முடிவே சொல்லாது.

ரிப்போர்ட்ல 'ஏ.எஸ்.சி.-எச்'னு இருந்தா ஆஸ்கஸ்னு படிச்சுடாதீங்க. கடைசி எச் எழுத்து பெரிய விஷயம், தீவிர மாற்றம் இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னு அர்த்தம். அதுக்கு நேரா கால்போஸ்கோபிதான்.

ஓபி_நர்ஸ்:
அஞ்சாம் நாள்னா காரணம் கிடைச்சாச்சு. ஸ்மியர் எடுத்த தேதியை ரிப்போர்ட் மேலயே எழுதி, அதுலேர்ந்து ரெண்டு மாசம் எண்ணுங்க. அதுக்கப்புறம் வர்ற பீரியட்ஸ்ல 10ஆம் நாளுக்கு மேல ஒரு நாள் பாருங்க. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லின்னு எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தப் பழைய ரிப்போர்ட் கையில இருக்கணும். இல்லைன்னா முதல் தடவைன்னு சீட்டு போட்டுடுவாங்க.