கத்திரி வெயிலில் மீன் தொட்டி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு எங்களுடையது. இரண்டடித் தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ், ஒரு கூட்டம் கப்பி. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து மதியம் 3 மணிக்குத் தண்ணீர் 33 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. கப்பிகள் கவலையே இல்லாமல் திரிகின்றன. கோல்டு ஃபிஷ்தான் பாவம், குளிர்ந்த தண்ணீர் மீன்; மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓட விட்டிருக்கிறேன். தீனியையும் பாதியாகக் குறைத்தாயிற்று.

முதலில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டிகள் மொத்தத்தையும் அப்படியே கொட்டினேன். சட்டென்று 3 டிகிரி இறங்கி, ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. இப்போது கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பில் காற்று படும்படி சின்ன டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன். 2 டிகிரி குறைகிறது. ஆனால் தினமும் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது.

அதை ஈடுகட்ட போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகாதா? ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? அப்புறம், கரண்ட் போனால் ஃபேன், பம்ப் இரண்டும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் யாராவது வைத்திருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் தாங்குகிறது?

தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷின் மட்டும் வாங்கச் சொல்லாதீர்கள். அந்த விலைக்கு எனக்கே ஓர் ஏர் கூலர் வாங்கிக்கொள்வேன்.