வெண்பிடரி மரங்கொத்தி: இல்லாமல் போச்சு என்று எப்ப சொல்லலாம்?

இந்தக் கேள்விக்கு வன்னியின் மூன்று இடங்களில் இருந்து வந்த பதில்கள்.

மடுப் பக்கத்தில் இருந்து:

"வெண்பிடரியைக் கண்டேன்" என்று வாற படங்களில் கூடவும் பொன்முதுகு மரங்கொத்திதான். இரண்டுக்கும் செட்டை பொன்மஞ்சள், ஆணுக்குச் சிவத்தக் கொண்டை. ஆகவே முதுகைப் பாருங்கோ. வெண்பிடரிக்குப் பின்கழுத்தில் தொடங்கும் வெள்ளை மேல்முதுகு வரை இறங்கும், இரண்டு பக்கமும் கறுப்பு வரம்பு. பொன்முதுகுக்கு அந்த இடத்தில் கறுப்புப் பிடரி, கீழே நேரே மஞ்சள். தொண்டையும் கறுப்பில் வெள்ளைப் பொட்டு. பெட்டை என்றால் இன்னும் லேசு: வெண்பிடரிக்கு உச்சி மஞ்சள், மற்றதுக்கு முன்பக்கம் கறுப்பில் வெள்ளைப் பொட்டு, பின்னால் சிவப்பு.

இலங்கையின் வடக்கில் பொன்முதுகு, தெற்கே போனால் செம்முதுகு மரங்கொத்தி, இடைப்பட்ட இடங்களில் இரண்டும் கலந்து செம்மஞ்சள். அப்படி ஒன்று வந்தால் புது இனம் என்று துள்ள வேண்டாம்.

பொந்தும் சாட்சியில்லை. பழைய பொந்தில் கிளியும் மைனாவும் குடியிருக்கும். குக்குறுவானும் தானே குடையும். மரத்தடியில் வெளிறின புதுச் சிராய் கிடக்குதா என்று பாருங்கோ. ஒரு மழை விழுந்தால் அதுவும் கறுத்துப்போகும்.

ஒட்டுசுட்டானில் இருந்து:

அண்ணை சொன்னது கண்டதுக்கு. காணாததுக்கும் கணக்கு வேணும். பறவை அங்கே இருந்தால் ஒருதரம் போகேக்க அகப்படுற வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று வைப்பம். 10 தரம் போய்க் காணாவிட்டாலும், இருந்தும் தவறவிட்டிருக்க 11 வீத வாய்ப்பு இருக்கு. 14 தரம் போனால்தான் அது 5 வீதத்துக்குக் கீழே இறங்கும். வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் 29 தரம். அந்த 'ஐந்தில் ஒன்று' மனசுக்குப் பட்ட எண்ணாக இருக்கக்கூடாது. பறவை இருப்பது உறுதியான இன்னோர் இடத்தில் இதே முறையில் தேடி எடுக்கவேணும். இதை விட்டால் மிச்சக் கணக்கு முழுக்கப் பிழை.

சும்மா திரும்பின நாளையும் எழுதுங்கோ: தொடங்கின நேரம், முடிச்ச நேரம், எத்தனை பேர், காற்று, ஜிபிஎஸ் தடம். கண்டதை மட்டும் எழுதின கொப்பி இந்தக் கேள்விக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. விடிஞ்சு முதல் மூன்று மணித்தியாலம் நல்லது. சோளகக் காற்று இரைகிற நாளில் காது வேலை செய்யாது, அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதேங்கோ.

மிதிவெடிச் சிவப்புப் பலகை நட்ட பத்தைக்குள் கால் வைக்கவே கூடாது. அந்தத் துண்டை வரைபடத்தில் 'இல்லை' என்று நிறம் பூசாமல் 'தேடப்படவில்லை' என்று வெறுமையாக விடுங்கோ. வன்னியில் இது சின்ன விசயமில்லை.

முள்ளியவளையில் இருந்து:

ஆள் போக ஏலாத இடத்துக்கு விளிம்பில் ஒலிப்பதிவுக் கருவி கட்டலாம். ஆடியோமொத் மாதிரி ஒன்று 32 கிலோஹேர்ட்ஸில் மணித்தியாலத்துக்கு 230 மெகாபைட் அளவில் எழுதும். காலையில் 3 மணித்தியாலம் என்றால் 64 ஜிபி அட்டை 90 நாள் காணும். பற்றரிதான் முந்தி முடியும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று உள்ளே. பாலை பழுக்கிற காலத்தில் அந்த மரத்தில் கட்டினால் குரங்கோ கரடியோ பிடுங்கிப்போட்டிடும், பழமில்லாத வேறு மரத்தில் கட்டுங்கோ. ஆனால் குரல் இடத்தைத்தான் காட்டும், முடிவுக்குப் படம் வேணும்.

அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தி மாட்டுப்பட்டதும் இங்கேதான். எல்லாரும் ஒப்புக்கொண்ட கடைசிக் காட்சி 1944, லூசியானா. 2004 இல் ஆர்கன்சாவில் பிடிச்ச மங்கலான வீடியோவை வைத்து 2005 இல் 'இருக்கு' என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. செட்டையின் பின்விளிம்பு வெள்ளையா, இல்லை அதைப்போலத் தெரியும் வேறோர் இனத்துக்கு இருக்கிற கறுப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அழிந்ததாக அறிவிக்க 2021 இல் முன்மொழிந்த அமெரிக்க மீன், வனவுயிர்ச் சேவை, 2023 இல் அழிந்துபோன 21 இனங்களை அருகிவரும் உயிரினப் பட்டியலால் எடுக்கேக்க இதைத் தொடவில்லை.

ஆகவே கமராவின் ஷட்டர் வேகத்தை 1/1000 செக்கனுக்குக் குறையாமல் வையுங்கோ, முதுகு தெரியும்வரை அழுத்திக்கொண்டே இருங்கோ. வாட்சப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், நேரமும் இடமும் அழியும். அசல் கோப்பை வெட்டாமல் இரண்டு இடத்தில் சேமியுங்கோ.