முதுகெலும்பு அறுவை மருத்துவரின் பின்புலத்தை எப்படி அறிந்துகொள்வது?

கேள்வி (திண்டுக்கல் மகன்):
என் தாயாருக்கு வயது 64. சிறிது தூரம் நடப்பதற்குள் இரு கால்களும் மரத்துப்போகின்றன. உட்கார்ந்து முன்னால் குனிந்தால் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்த ஆர்த்தோ மருத்துவர், இடுப்புப் பகுதியில் நரம்புக் குழாய் குறுகி, ஒரு முள்ளெலும்பும் சற்று நழுவியிருப்பதால் ஸ்க்ரூ வைத்து இணைக்க வேண்டும் என்கிறார். இரண்டாவதாகப் பார்த்த நியூரோ சர்ஜன், அழுத்தத்தை மட்டும் நீக்கினால் போதும் என்கிறார். பட்டங்களைப் பார்த்து யார் சொல்வதை ஏற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் 1 (ஓய்வுபெற்ற எலும்பியல் ஆசிரியர்):
எம்.பி.பி.எஸ். பயிற்சியுடன் சேர்த்து ஐந்தரை ஆண்டு, அதன்பின் எம்.எஸ். ஆர்த்தோ மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் மாணவர்கள் பெரிதும் பழகுவது விபத்தில் முறிந்த கை, கால் எலும்புகளைச் சரிசெய்யத்தான். என்னிடம் படித்தவர்களில் தேர்ச்சி பெறும் நாளில் முதுகெலும்பைத் தனித்துத் திறக்கும் துணிவு பெற்றவர் மிகச் சிலரே. நியூரோ சர்ஜன் எம்.சிஹெச். என்ற உயர்நிலை அறுவைப் பட்டத்துக்கான பயிற்சியில் நுண்ணோக்கியின் கீழ் நரம்பைக் கையாளப் பழகுகிறார். ஆனால் அவருடைய நேரத்தில் பெரும்பகுதியை மூளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே எந்த வாயிலில் நுழைந்தார் என்பதைவிட, அதன்பின் முதுகெலும்புக்கென்று எத்தனை ஆண்டுகள் கொடுத்தார் என்பதைக் கேளுங்கள். தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. ஸ்பைன் என்ற முதுகெலும்பு அறுவைக்கான சிறப்புப் பயிற்சி (ஃபெலோஷிப்) இரண்டு ஆண்டு. அதில் இரு துறையினரும் சேரலாம்.

இன்னொன்று. இவ்விருவரும் மாறுபடுவதை வைத்து ஒருவரை அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். 2016இல் ஒரே மருத்துவ இதழில் வெளியான சுவீடன், அமெரிக்க ஆய்வுகளே, எலும்பையும் இணைப்பதா, அழுத்தத்தை மட்டும் நீக்குவதா என்ற இந்தக் கேள்வியில் ஒத்த முடிவுக்கு வரவில்லை.

பதில் 2 (ஸ்பைன் ஃபெலோஷிப் முடித்தவர்):
ஐயா சொல்வதை ஏற்கிறேன். பயிற்சிக் காலத்தில் முதலில் ஆசிரியருக்கு உதவியாளராக நின்றேன். பிறகு அவர் எதிரே நிற்க, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நானே பொருத்தினேன். யாருக்கு அறுவை வேண்டாம் என்று கண்டறியும் திறன் அதற்கும் பிறகே, புறநோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துத்தான் வந்தது.

நீண்ட கவனம் ஒரு மருத்துவரை எப்படி உருவாக்குகிறது என்பதற்குக் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனைச் சொல்வேன். முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்ற 61 குழந்தைகளின் கூன் எவ்வாறு மாறுகிறது என்று 15 ஆண்டுகள் அளந்து பெற்ற விவரங்களை அவர் 2001இல் வெளியிட்டார். நோய் குணமான பிறகும் சில குழந்தைகளுக்குக் கூன் வளர்ந்துகொண்டே போகிறது; அவர்கள் யார் என்பதை எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு அறிகுறிகளைக் கொண்டு முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்று அவர் காட்டினார். எந்தக் குழந்தைக்கு உடனே அறுவை தேவை, எந்தக் குழந்தையைக் காத்திருந்து கவனிக்கலாம் என்று பிரித்தறிய இது துணைசெய்கிறது. இத்தகைய பொறுமையை எந்தப் பட்டமும் எடுத்துக்காட்டுவதில்லை.

பதில் 3 (பிசியோதெரபிஸ்ட்):
அறுவைக்குப் பின் நோயாளிகளை நடக்கவைப்பது என் வேலை. தம்பி, இருவரிடமும் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: இதே அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார்? நரம்பு உறை கிழிந்தாலோ, கிருமி தொற்றினாலோ என்ன செய்வார்? ஓராண்டு கழித்தும் நோயாளிகளைப் பார்க்கிறாரா? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் முகம் சுளித்து நான் கண்டதில்லை. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், பாதம் திடீரென வலுவிழந்தாலும் கருத்துக் கேட்டுக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அம்மாவுக்கு அத்தகைய அறிகுறி எதுவும் இல்லை. வரும் வியாழக்கிழமை முதல் மருத்துவரிடம் மீண்டும் செல்கிறோம். கேள்விகளைத் தாளில் எழுதிவிட்டேன். நின்று, குனிந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு அசைகிறதா என்பதையும் கேட்கலாமா?

பதில் 1:
கட்டாயம் கேளுங்கள். ஸ்க்ரூ தேவையா என்பதை முடிவுசெய்ய அந்தப் படம் பெரிதும் உதவும்.