செமி ஆட்டோமேட்டிக் மெஷின்: ஸ்பின் சுத்தவில்லை, உறுமல் மட்டும் வருகிறது

கேள்வி (வைகைக்கரை):
7 கிலோ மெஷின். துவைக்கிற பக்கம் நன்றாக ஓடுகிறது. ஸ்பின் டைமரைத் திருப்பினால் மோட்டார் உறுமுகிறது, தொட்டி அசையவில்லை. மூடியை லேசாகத் தூக்கி, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. அடியில் தண்ணீரும் சொட்டுகிறது. மோட்டார் போய்விட்டதா?

ஒயர்மேன்:
முதலில் கையால் தள்ளுவதை நிறுத்துங்க. துணி கையில் சுற்றினால் விரல் போய்விடும். உறுமவிட்டு வேடிக்கை பார்க்கவும் வேண்டாம், மோட்டாரின் வைண்டிங் (உள்ளே உள்ள கம்பிச் சுருள்) கருகும்.

தள்ளினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் (மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகம்). பல மெஷின்களில் ஒரே டப்பாவில் இரண்டு இருக்கும்: வாஷுக்கு 10 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கெபாசிட்டரின் அளவு), ஸ்பின்னுக்கு 4 அல்லது 5. அதனால்தான் ஒரு பக்கம் செத்தும் இன்னொரு பக்கம் ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் காமனிலும் (இரண்டுக்கும் பொதுவான முனை) மற்ற முனைகள் ஒவ்வொன்றிலும் தொட்டு சார்ஜை இறக்குங்க. பிறகு ஒயரைப் பிரித்து, கெபாசிட்டர் அளக்கும் மீட்டரில் பாருங்க. 5 என்று அச்சிட்டது 4.75க்குக் கீழே போனாலே மாற்றலாம். அதே எம்எஃப்டி, 440 வோல்ட் கேட்டு வாங்குங்க. "கொஞ்சம் பெரிசா போட்டா வேகமா சுத்தும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீங்க, மோட்டார் சூடாகும். கழற்றுமுன் ஒயர் நிறங்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பழைய ஸ்பேனர்:
கடைக்கு ஓடுமுன் பிரேக்கைப் பாருங்க. மூடியை மூடும்போது ஒரு கம்பி இழுத்து பிரேக் ஷூவை விலக்க வேண்டும். கம்பி தளர்ந்தாலோ லீவர் துருப்பிடித்தாலோ ஷூ பிடித்தபடியே இருக்கும், அதுவும் இதே உறுமல்தான். ப்ளக் பிடுங்கிய நிலையில் பின்பக்கமாக லீவரை இழுத்துப் பிடித்து, மோட்டாருக்கு மேலே உள்ள கப்ளிங்கை (மோட்டாரையும் தொட்டியின் தண்டையும் இணைப்பது) சுழற்றுங்க. லேசாகச் சுற்றினால் கெபாசிட்டர் பக்கம் போகலாம். இறுகினால் பிரேக், மோட்டார் புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்), அல்லது தொட்டி இடுக்கில் விழுந்த சாக்ஸ்.

சொட்டுவது ஸ்பின் சீல் (தொட்டியின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) வழியாக. நேராக மோட்டார் தலையில் விழுகிறது, தள்ளிப்போடாதீங்க. கப்ளிங்கின் மேல் போல்ட்களை லாக் நட்டைத் தளர்த்திக் கழற்றினால் உள்தொட்டி மேலே வந்துவிடும். பழைய சீலை எடுத்து, உட்காரும் இடத்தில் படிந்த சோப்பைச் சுரண்டி, புதிய சீலின் உதட்டில் வாட்டர்ப்ரூஃப் கிரீஸ் தடவிச் சமமாக அழுத்துங்க. தண்டில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். திரும்ப மாட்டும்போது போல்ட் முனை தண்டின் குழியில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் மட்டும் சுத்தும்.

வைகைக்கரை:
5க்கு 2.9 காட்டுகிறது. கப்ளிங் லேசாகச் சுற்றுகிறது. தண்ணீர் விழுந்த மோட்டார், அப்படியே ஓட்டலாமா?

ஒயர்மேன்:
கெபாசிட்டர் பிரிந்திருக்கும்போதே மோட்டாரின் ஓம் (மின்தடை) பாருங்க. ஸ்பின் மோட்டாரில் மூன்று ஒயர். இரண்டிரண்டாக அளந்தால் பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு வரும். ஏதாவது ஓப்பன் (தொடர்பு அறுந்தது) என்று காட்டினாலோ, ஒயருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே தொடர்பு இருந்தாலோ ஓட்டாதீங்க. அளவு சரி என்றால் சீலை முதலில் மாற்றி, மோட்டாரை நன்றாகக் காயவிட்டு, புது கெபாசிட்டர் மாட்டி, துணி இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்க. கெபாசிட்டர் ஒயர் மூட்டுகளின் மூடி மேல்நோக்கி நிற்கட்டும், தண்ணீர் இறங்காது.