படர்தாமரை உள்ள பூனைக்குட்டியை வளர்க்க எடுக்கலாமா?

கேள்வி:
பெங்களூரு அல்சூரில், எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் திரியும் பூனைக்குட்டியின் காதோரம் முடி உதிர்ந்து செதில் படிந்திருக்கிறது. கால்நடை மருத்துவர் அதைப் படர்தாமரை என்கிறார். சிறு மகள் இருக்கும் வீட்டில் அதை எடுத்து வளர்க்கலாமா?

முதல் மறுமொழி:
எடுக்கலாம், ஆனால் உடனே மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. பூனைகளுக்கு இது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருகிறது. உதிரும் முடியில் ஒட்டிய வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், எளிதில் துடைக்கக்கூடிய தனியறையில் வைத்து, மருத்துவர் சொன்னபடி இட்ராகோனசோல் மருந்தும் சுண்ணாம்பு-கந்தகக் குளியலும் கொடுங்கள். அந்தக் குளியலின் அழுகிய முட்டை நாற்றத்துக்கு வீட்டார் முன்பே தயாராக இருக்கட்டும்.

இரண்டாம் மறுமொழி:
தனியறை இல்லையென்றால் நான் தயங்குவேன். புண் ஆறியதுபோலத் தெரிந்தாலும், முடி மாதிரியில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனையில் தொற்று இல்லையென்று உறுதியாகும்வரை மகளை நெருங்க விடாதீர்கள்.

கேட்டவர்:
துணி உலர்த்தும் சிறு அறையை ஒழித்துத் தரலாம். மகளைத் தடுப்பதுதான் பெரும்பாடு.