பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல்: மனப்பாடத்துக்கு மட்டும் மார்க் போகாமல் தேர்வு வைப்பது எப்படி?

லேப்சாவி:

வணக்கம். பத்தாம் வகுப்பு, தமிழ் வழி, 40 பேர். மின்னோட்டவியல் முடிந்ததும் 25 மார்க் அலகுத் தேர்வு. புக் பேக் கேள்வியையே போட்டால் ஓம் விதியை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவர்கள் 22, 23 வாங்கிவிடுகிறார்கள். அவர்களிடமே இரண்டு பல்பைத் தொடரில் இணைத்துக் காட்டி எது பிரகாசமாக எரியும் என்றால் விழிக்கிறார்கள். சரி, சொந்தமாகக் கேள்வி போடலாம் என்றால் பாதி வகுப்பு பத்தைத் தாண்டுவதில்லை. அதில் யாருக்கு இயற்பியல் வரவில்லை, யாருக்குப் பின்னக் கணக்கு வரவில்லை, யாருக்குக் கேள்வியே புரியவில்லை என்று தாளை வைத்துப் பிரிக்க முடியவில்லை.

பொதுத்தேர்வில் எழுத்து 75, செய்முறை 25. அந்த 25க்கான பயிற்சியும் இதே கதைதான். கம்பியின் மின்தடை எண் காணும் சோதனையில் எல்லா ரெக்கார்டு நோட்டிலும் ஒரே எண். கேள்வி, திருத்தல், செய்முறை மூன்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.

விடைத்தாள்கட்டு:

திருத்தலில் இருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் வெளியே தெரியும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 4 ஓம், 12 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில், 6 வோல்ட் மின்கலத்தோடு. மொத்த மின்னோட்டம் என்ன? விடை 2 ஆம்பியர். தவறான விடைகள் பெரும்பாலும் மூன்றுதான் வரும்.

0.375 வந்தால் 4ஐயும் 12ஐயும் நேராகக் கூட்டி 16 ஆக்கியிருக்கிறார். தொடருக்கும் பக்க இணைப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இது இயற்பியல் பிழை. 0.75 வந்தால் சூத்திரம் சரி, ஆனால் கால் கூட்டல் பன்னிரண்டில் ஒன்றை பதினாறில் இரண்டு என்று கூட்டி 8 ஓம் ஆக்கியிருக்கிறார். அது ஆறாம் வகுப்புப் பின்னம். 18 வந்தால் மூன்றில் ஒன்று வரை சரியாக வந்து, தலைகீழாக்க மறந்திருக்கிறார். விடையை மட்டும் பார்த்துச் சுழித்தால் மூவருக்கும் பூஜ்யம். அது அநியாயம்.

இதை 4 மார்க் கேள்வியாக்கிப் பிரியுங்கள். சரியான இணைப்பை அறிந்து சூத்திரம் எழுத 1, தொகுபயன் மின்தடைக்கு 1, அதை வைத்து மின்னோட்டம் காண 1. முதல் படியில் தவறினாலும் தனக்குக் கிடைத்த எண்ணை வைத்து மூன்றாம் படியைச் சரியாகச் செய்தால் அந்த ஒரு மார்க் அவருடையது. ஒரே தவறுக்கு இரண்டு முறை வெட்டக் கூடாது. நான்காவது மார்க்கை, ‘உன் தொகுபயன் மின்தடை 4 ஓமைவிடக் குறைவா? அப்படித்தான் இருக்க வேண்டுமா, ஏன்?’ என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். “8 வந்திருக்கிறது, இன்னொரு பாதை திறந்ததால் 4ஐவிடக் குறைந்திருக்க வேண்டும், எங்கேயோ தப்பு” என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்த மார்க்கைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சிலர் சூத்திரமே இல்லாமல் ஒரு கிளையில் 1.5, மறு கிளையில் 0.5, மொத்தம் 2 என்று எழுதுவார்கள். கைடில் இந்த வழி இல்லை என்று ஸ்டெப் மார்க் வெட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. பின்னத்தையே தொடாமல் மின்சுற்றைப் படித்திருக்கிறார் அவர். ஸ்கீம் (எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்ற பட்டியல்) எழுதும்போதே மாற்று வழியையும் எழுதிவிடுங்கள்.

தாள்வாரியாகத் திருத்த வேண்டாம். 40 பேருடைய முதல் கேள்வி, பிறகு 40 பேருடைய இரண்டாம் கேள்வி. பெயர் தெரியாமல் முகப்பை மடித்துக்கொள்ளுங்கள். ஐந்து தாள் திருத்தியதும் ஸ்கீமில் இல்லாத விடைகள் வந்திருக்கும். அவற்றுக்கு என்ன மார்க் என்று அங்கேயே குறித்துக்கொண்டு மேலே போங்கள். எல்லாம் முடிந்ததும் அந்த முதல் ஐந்தை மறுபடி பாருங்கள். கை அதற்குள் இறுகியிருக்கும், அல்லது இளகியிருக்கும்.

பல்பும்_பசங்களும்:

கேள்வி அமைப்பு பற்றி. ஒன் மார்க்கை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு தவறான எண்ணத்தின் முகவரியாக இருக்க வேண்டும்.

படம் வரைந்து கொடுங்கள்: ஒரு மின்கலம், ஒரு பல்பு, பல்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அம்மீட்டர். முதல் அம்மீட்டர் 0.2 ஆம்பியர். இரண்டாவது? (அ) 0 (ஆ) 0.2ஐவிடக் குறைவு, ஆனால் 0 அல்ல (இ) 0.2. ‘நான்கு விடை இருந்தாக வேண்டும்’ என்பதற்காக யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

அதன் கீழேயே காரணம் கேளுங்கள்: (1) பல்பு மின்னோட்டத்தைச் செலவழிக்கிறது (2) பல்பு மின்னோட்டம் முழுவதையும் ஒளியாக்கிவிடுகிறது (3) ஒரே பாதை என்பதால் உள்ளே போன மின்னோட்டம் அப்படியே வெளியே வருகிறது (4) சுற்றில் எல்லா இடத்திலும் மின்னழுத்தம் சமம். விடை (இ), காரணம் (3) இரண்டும் சரியானால்தான் மார்க். விடைக்கு 3, காரணத்துக்கு 4 வாய்ப்பு என்பதால் குருட்டாம்போக்கில் மார்க் வர 12க்கு ஒன்றுதான் வாய்ப்பு. முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர் (இ)யையும் (4)ஐயும் சேர்த்துப் போடுகிறவர். சாதாரண ஒன் மார்க்கில் இவர் தப்பித்துவிடுவார். இந்த இரண்டடுக்குக் கேள்வி முறையை ஆஸ்திரேலியாவின் டேவிட் டிரெகஸ்ட் 1988இல் விரிவாக எழுதினார்.

(ஆ) அதிகம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வீட்டில் “ஃபேன் கரண்ட் இழுக்குது”, “கரண்ட் செலவாகுது” என்றுதான் பேசுகிறோம். செலவாவது ஆற்றல், மின்னோட்டம் அல்ல. பாடம் நடத்தும்போதே இந்தப் பேச்சை எடுத்து வைத்துப் பிரித்துக் காட்டாமல், தேர்வில் மட்டும் பிடிப்பது சரியில்லை.

மொழி விஷயம் ஒன்று. ‘பக்க இணைப்பு’ என்ற சொல்லே குழப்பும். படத்தில் இரண்டு மின்தடைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், ஒரே பாதையில் இருந்தாலும் அதைப் பக்க இணைப்பு என்று எழுதிவிடுவார்கள். அதைச் சோதிக்க விரும்பினால் தனிக் கேள்வியாக, கணக்கு இல்லாமல் கேளுங்கள். 4 மார்க் கணக்குக்குள் வளைத்து வரைந்த படத்தை ஒளித்து வைக்காதீர்கள். ‘பின்வருவனவற்றுள் எது சரியற்றது அன்று’ மாதிரி இரட்டை எதிர்மறையும் வேண்டாம், அது தமிழ்த் தேர்வாகிவிடும்.

25இல் எல்லாமே புதுக் கேள்வியாக இருக்கவும் வேண்டாம். 8 மார்க் நேரடியாக, 10 மார்க் தெரிந்த கருத்தில் புது எண்கள், 7 மார்க் புதுச் சூழல். இது என் கணக்குதான், உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றலாம்.

லேப்சாவி:

மிக்க நன்றி. 0.375, 0.75, 18 மூன்றுமே என் கட்டில் இருக்கின்றன! செய்முறைக்கு யாராவது சொல்லுங்கள். 40 பேரையும் ஒருவர் நின்று கவனிக்க முடியாதே?

திருகளவி:

முடியாது, முயலவும் வேண்டாம். முதலில் ஒரே எண் வராமல் செய்யுங்கள். நிக்ரோம் கம்பியை மேசைக்கு மேசை 40, 50, 60, 70 செ.மீ. என்று வெட்டிக் கொடுங்கள். மின்தடை எண் பொருளுக்கு உரியது, மாறாது. ஆனால் நீளத்தோடு மின்தடை மாறும். பக்கத்து மேசை அளவீடு உதவாது. ஒவ்வொரு மேசையின் மின்தடையையும் அதே மீட்டர்களை வைத்து நீங்கள் முன்னதாகவே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புத்தக மதிப்போடு ஒப்பிட்டு மார்க் போட்டால் பழைய மீட்டர் கிடைத்த பிள்ளைதான் அடிபடும். சில ஓமே உள்ள கம்பியில் முனைத் திருகின் துருவே அளவைக் கெடுக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மின்சுற்று நால்வருக்குப் பொது. கம்பியின் விட்டம் அளக்கும் திருகு அளவி மட்டும் ஆளாளுக்குத் தனியாக. ஏனென்றால் பிழை அங்கேதான் பெருகும். உண்மை விட்டம் 0.46 மி.மீ., கருவியில் நேர்ப்பிழை (எதையும் வைக்காதபோதே காட்டும் கூடுதல் அளவு) 0.05 என்று வைத்துக்கொள்வோம். கழிக்க மறந்தால் 0.51. விட்டம் இருபடியாக வருவதால் விடை சுமார் 23 சதவீதம் கூடும். கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தால் 0.56, விடை 48 சதவீதம் எகிறும். விடை நான்கு மடங்கானால் விட்டத்தையே ஆரமாகப் போட்டிருக்கிறார். நூறில் ஒன்றாகக் குறைந்தால் நீளத்தைச் செ.மீ.யிலேயே விட்டிருக்கிறார். இந்தச் சீட்டை மேசையில் வைத்துக்கொண்டால் ரெக்கார்டைத் திருத்துவது சுலபம்.

கவனிப்பதற்கு ஒரு நாளில் ஒரே திறன். ‘சாவியைப் போடும் முன் கை தூக்க வேண்டும்’ என்று விதி வையுங்கள். நீங்கள் போய் அம்மீட்டர் தொடரில் இருக்கிறதா, வோல்ட்மீட்டர் கம்பிக்குக் குறுக்கே இருக்கிறதா, முனைகள் சரியா என்று பார்த்து, ஒரு இணைப்பை மாற்றிவிட்டு குழுவில் ஒருவரை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். அடுத்த பீரியடில் அடுத்தவர். அளவெடுத்ததும் சாவியை எடுத்துவிடுகிறார்களா என்பதையும் பாருங்கள். விட்டுவைத்தால் கம்பி சூடாகும்.

விடைத்தாள்கட்டு சாரோடு ஒன்றில் மாறுபடுகிறேன். அலகு எழுதாததற்கு அவர் எதுவும் வெட்டவில்லை. பொதுத்தேர்வில் வெட்டுவார்கள், பழக வேண்டும். ஆனால் தாள் முழுக்க ஒரே ஒரு மார்க் மட்டும், ஒவ்வொரு கணக்கிலும் அல்ல.

விடைத்தாள்கட்டு:

ஒப்புக்கொள்கிறேன், அலகைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

விட்டுப்போன ஒன்று. தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளுக்கும் மார்க் போடுங்கள். மொத்த மார்க்கில் மேலே உள்ள 11 பேர், கீழே உள்ள 11 பேர். ஒரு கேள்வியை மேலே 9, கீழே 3 பேர் சரியாக எழுதினால், 22இல் 12, அதாவது 0.55 எளிமை. வித்தியாசம் 6, அதை 11ஆல் வகுத்தால் 0.55. கேள்வி நன்றாகப் பிரிக்கிறது. வித்தியாசத்தில் வரும் இந்த இரண்டாவது எண் 0.2க்குக் கீழே போனால் கேள்வியை மறுபடி வாசியுங்கள். சின்ன வகுப்பில் ஒருவர் மாறினாலே 0.09 நகரும், அதனால் 0.25க்கும் 0.35க்கும் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். மைனஸில் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். ஆன்சர் கீயில் ‘இ’யும் ‘ஈ’யும் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பசங்களைக் கேளுங்கள்.